பாட்டி காசா, பித்தலாட்டக் காசா? பழைய வெள்ளி ரூபாயைப் பார்த்து அறிவோம்



சென்ற இதழில் தீர்மான நோட்டு எழுதுவது எப்படி என்று பார்த்தோம். இந்த இதழ் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில், சாமி உண்டியலில், அப்பத்தாவின் சுருக்குப் பையில் கிடக்கிற பழைய வெள்ளிக் காசைப் பற்றியது. "இதுக்கும் குழுவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

அல்லிநகரத்தில் நடந்தது

போன ஆண்டு ஆடி மாதம். அல்லிநகரத்தில் ஒரு குழுவின் கூட்டம். ஒரு அக்கா மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அவிழ்த்தால் 26 வெள்ளி ரூபாய். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, இந்தக் காசைக் குழுவில் வைத்துக்கொண்டு 20,000 ரூபாய் உள்கடன் கொடுங்கள் என்று கேட்டார்.

6 காசு அவருடைய அப்பத்தா கொடுத்தது. மீதி 20 காசு அவரே வாங்கியது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வந்து சேர்த்த பணத்தில், ஒரு காசு 500 ரூபாய் என்று 10,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவன், "கெணறு வெட்டுறப்ப பானை கிடைச்சது. வெளியில சொன்னா கவர்மெண்டு எடுத்துக்கும். அவசரத்துக்கு விக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான்.

"சும்மா வாங்கலத்தா. ஒரு காசை எங்கிட்டக் குடுத்து, நீங்களே கடையில காட்டிட்டு வாங்கன்னான். ஆசாரி உரசிப் பாத்து சுத்த வெள்ளின்னு சொன்னாரு. அப்புறந்தான் பணத்தைக் குடுத்தேன்" என்றார் அந்த அக்கா.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கும் காசு பார்க்கத் தெரியாது. சமூகப்பணிப் படிப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. மறுநாள் ஊக்குநர், பிரதிநிதி, அந்த அக்கா, நான் நாலு பேரும் தேனியில் வயதான ஒரு ஆசாரியிடம் போனோம். அவர் காசுகளை ஒன்றொன்றாகத் தராசில் போட்டார். அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. 26-இல் முழு வெள்ளி 6. பாதி வெள்ளி 1. மீதி 19 காசும் போலி!

திரும்பி வந்து குழுவில் சொன்னதும் ஒரு குரல் எழுந்தது: "இவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நம்ம தலையில கட்டப் பாத்திருக்கா." அந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். 10,000 ரூபாய் போனதைவிட அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது.

அதனால்தான் இந்தப் பாடம். காசைச் சோதிக்கத் தெரிந்தால் மனுஷியைச் சந்தேகப்பட வேண்டியது இல்லை. "என் பேரைப் போடாதீங்க, ஆனா மத்தவங்களுக்குச் சொல்லுங்க" என்று அந்த அக்காதான் என்னை எழுதச் சொன்னார்.

நம் வீட்டுக்கு இந்தக் காசு எப்படி வந்தது?

வெள்ளைக்காரன் காலத்தில் 1835-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரியான வெள்ளி ரூபாய் வந்தது. நம்ம பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டபோது கம்பம் பள்ளத்தாக்கில் புழங்கியதும் விக்டோரியா மகாராணி தலை போட்ட இந்த ரூபாய்தான்.

ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது 11.66 கிராம். இதுதான் ஒரு தோலா. அந்தக் காலத்தில் நிறுப்பதற்கே ரூபாய்க் காசைப் பயன்படுத்தினார்கள். "ரெண்டு ரூவா எடை மிளகு போடு" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 3 ரூபாய் எடை ஒரு பலம். 40 பலம் ஒரு வீசை. ஒரு வீசை என்பது 1,400 கிராம். அதை 120-ஆல் வகுத்தால் 11.66 வருகிறது பாருங்கள். எடைக்கல்லாகவே இருந்த காசு என்பதால் அதன் எடை ரொம்பத் துல்லியமாக இருக்கும். நம் சோதனைக்கு இதுதான் அஸ்திவாரம்.

12 பங்கில் 11 பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு போன்ற கலப்பு. 11.66 கிராமில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம் இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1940 முதல் அரசு ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 100-க்கு 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு துத்தநாகம், 5 பங்கு நிக்கல். பழைய நல்ல காசுகளை அரசு திரும்பப் பெற்றது. ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? மட்டக் காசைச் செலவழித்துவிட்டு நல்ல காசைப் பானைக்குள் போட்டு வைத்தார்கள். அப்படித் தங்கியதுதான் இன்று நம் பெட்டியில் இருப்பது. 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல்.

முதல் சோதனை: தலையும் வருடமும்

காசில் இருக்கிற தலையையும் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் பொருந்த வேண்டும். இங்கிலீஷ் தெரியவில்லை என்றால் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது முழு ரூபாய்க்கு மட்டும். அரை ரூபாய், கால் ரூபாய்க்கு வருடங்கள் மாறும்.

* வில்லியம் ராஜா: 1835. பின்பக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று இருக்கும்.
* விக்டோரியா, 'குயின்' என்ற பட்டத்துடன்: 1840 என்று போட்டது கம்பெனி காசு. 1862 முதல் கம்பெனி பெயர் போய் 'இந்தியா' என்று வந்தது. 1840, 1862 என்ற வருடங்களையே மாற்றாமல் பல வருடம் அடித்தார்கள்.
* விக்டோரியா, 'எம்பிரஸ்' என்ற பட்டத்துடன்: 1877 முதல் 1901 வரை.
* எட்வர்டு ராஜா: 1903 முதல் 1910 வரை. தலையில் கிரீடம் இருக்காது, வழுக்கைத் தலை.
* ஐந்தாம் ஜார்ஜ்: 1911 முதல் 1922 வரை. கிரீடம், தாடி இருக்கும்.
* ஆறாம் ஜார்ஜ்: 1938, 1939 முழு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதி வெள்ளி. 1947 நிக்கல். தாடி இருக்காது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கம்பெனி பெயர் போட்டு 1890 என்று ஒரு ரூபாய் வந்தால்? கம்பெனி ஆட்சி 1858-லேயே முடிந்துவிட்டது. போலி! விக்டோரியா தலை போட்டு 1850 என்று வந்தால்? போலி. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டு 1925, 1930 என்று ரூபாய் வந்தால்? கையை எடுத்துவிடுங்கள். கடைக்குப் போகாமலே, ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

எட்வர்டு, ஜார்ஜ் காசுகளின் பின்பக்கம் உருது எழுத்து இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அசலிலும் அது உண்டு.

ராமர், அனுமார் படம் போட்டு 1616, 1717, 1818, 1839 என்று வருடம் போட்ட பெரிய காசுகளைத் திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். "கம்பெனி காசு, லட்ச ரூபாய் போகும், அரிசியை இழுக்கும்" என்பார்கள். அப்படி ஒரு பணம் நாட்டில் புழங்கியதே இல்லை. சாமி படமாக வீட்டில் வைத்துக் கும்பிடலாம், தப்பில்லை. பழங்காசு என்று விலை கொடுக்காதீர்கள். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று சொல்லி நம் மாநிலத்தில் எத்தனையோ குடும்பங்களை மொட்டையடித்த கூட்டத்தின் பேச்சும் இதே மாதிரிதான் இருக்கும்.

இரண்டாம் சோதனை: எடை

அசல் ரூபாய் 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 100-க்கு 2 பங்கு வரை தேய்மானத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதாவது சுமார் 11.4 கிராம் வரை. மிகவும் வழவழவென்று தேய்ந்துபோன காசு அதற்கும் கீழே போகலாம். ஆனால் எழுத்தும் முகமும் பளிச்சென்று இருக்கிற காசு 10 கிராம்தான் நிற்கிறது என்றால் அது அசல் இல்லை. தேயாத காசு எப்படி எடை குறையும்?

அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், இரண்டணா வெள்ளிக் காசு 1.46 கிராம்.

மளிகைக் கடைத் தராசு இதற்குப் போதாது. நகைக்கடையிலோ ஆசாரியிடமோ இருக்கிற, புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் காட்டுகிற தராசில் போட வேண்டும். ஒவ்வொரு காசாகப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் கள்ளக்காசு நல்ல காசோடு கலந்து தப்பித்துவிடும். நம்ம அல்லிநகரத்து அக்காவின் 19 காசும் 9 கிராம் சொச்சம்தான் நின்றது.

மூன்றாம் சோதனை: அகலமும் கனமும்

அசல் ரூபாயின் குறுக்களவு 30 முதல் 31 மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். சந்தேகமில்லாத ஒரு அசல் காசு இருந்தால் அதன்மேல் இதை வைத்துத் தடவிப் பாருங்கள். விளிம்பு ஒன்றாக வர வேண்டும். பக்கவாட்டில் வைத்துத் தடிமனைப் பாருங்கள்.

வெள்ளி கனமான உலோகம். பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் அதைவிட லேசு. அதே அளவில் போலி செய்தால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும் அல்லது அகலமாகிவிடும். ஒன்றை மறைத்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். அதனால் எடையையும் அளவையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் சோதனை: தண்ணீரில் நிறுப்பது

ஆசாரி எங்களுக்குச் செய்து காட்டியது இது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்க வேண்டும். அடியில் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. கையில் தொங்கவிட்டபடியே தராசைப் பாருங்கள். முழு வெள்ளி ரூபாய் என்றால் 1.13 கிராம் அளவில் காட்டும்.

காசின் எடையை இந்த எண்ணால் வகுக்க வேண்டும். 11.66 வகுத்தல் 1.13 என்றால் 10.3 வரும். 10.3 வந்தால் முழு வெள்ளி ரூபாய்க்குச் சரி. பாதி வெள்ளி ரூபாய்க்குச் சுமார் 9.5 வரும். ஜெர்மன் சில்வர், பித்தளை என்றால் 8-ஐ ஒட்டி, 8.5, 8.7 என்று வரும். முலாம் எவ்வளவு தடிமனாகப் பூசியிருந்தாலும் தண்ணீரை ஏமாற்ற முடியாது. உரைகல் காசின் மேல்தோலைத்தான் பார்க்கும். தண்ணீர் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்.

ஐந்தாம் சோதனை: ஓரமும் முகமும்

போலிக் காசு பெரும்பாலும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, அசலை வைத்து அச்சு எடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றுவது. இரண்டு, புது அச்சு வெட்டி அடிப்பது. உருக்கி ஊற்றிய காசை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

* வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னத் துளைகள் தெரியும்.
* எழுத்து மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பாக இருக்கும்.
* ஓரத்தில் இருக்கும் கோடுகள் ஒரே சீராக இருக்காது. சில இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரியும்.
* முக்கியமானது: பல காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும்.

அக்காவின் 19 காசும் 1918 என்று போட்ட ஐந்தாம் ஜார்ஜ் காசு. அந்த வருடத்து ரூபாய் போர்க்காலத்தில் ஏராளமாக அடிக்கப்பட்டது, அதனால் வருடத்தில் சந்தேகம் வரவில்லை. ஆனால் 19 காசிலும் ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு கீறல். 19 பிள்ளைக்கு ஒரே இடத்தில் தழும்பு இருக்குமா? விற்றவன் 'சோதிச்சுப் பாருங்க' என்று கொடுத்தானே, அந்த ஒரு அசல் காசிலும் அதே கீறல். அதை வைத்துத்தான் மற்றதை வார்த்திருக்கிறான்!

புது அச்சில் அடித்ததில் முகம் பொம்மை மாதிரி இருக்கும். விளிம்பைச் சுற்றியுள்ள புள்ளிகள் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மாறும். முலாம் பூசியது என்றால் மூக்கு, கன்னம், விளிம்பு என்று மேடான இடங்களில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும்.

காந்தமும் ஓசையும்: இவற்றை மட்டும் நம்பாதீர்கள்

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளி இல்லை. அதுவரை சரி. ஆனால் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. அதே சமயம் 1947 ரூபாய் அசல் அரசாங்கக் காசு, ஆனால் நிக்கல் என்பதால் ஒட்டும். ஒட்டியது என்றதும் கள்ளக்காசு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சுண்டிப் பார்த்தால் வெள்ளி மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், ஈயம் 'தொத்' என்று விழும். காது பழகியவர்களுக்கு இது உதவும். ஆனால் விரிசல் விட்ட நல்ல காசும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கறுத்திருந்தால் பழசு என்று நினைப்பதும் தவறு. அவித்த முட்டையோடு மூடி வைத்தாலே புது வெள்ளி கறுத்துவிடும்.

பழைய ரூபாயில் ஹால்மார்க் முத்திரை இருக்காது. நம் நாட்டில் வெள்ளிக்கு ஹால்மார்க் வந்ததே 2005-இல்தான். ஜார்ஜ் தலையோடு ஹால்மார்க்கும் இருந்தால் அது கடையில் புதிதாகச் செய்த காசு. வெள்ளியாக இருக்கலாம், பழங்காசு இல்லை.

அசல் என்று தெரிந்தால் என்ன விலை?

இதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று வெள்ளி விலை. மற்றது காசு சேர்ப்பவர்கள் கொடுக்கும் விலை.

வெள்ளி விலையை நாமே போடலாம். அன்றைய கிராம் விலையைப் பேப்பரில் பாருங்கள். கணக்குக்காக மட்டும் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு வெள்ளி ரூபாய் ஒன்றுக்கு 10.7 பெருக்கல் 100, அதாவது 1,070 ரூபாய். 1940 முதல் 1945 வரையுள்ள காசுக்கு 5.83 பெருக்கல் 100, அதாவது 583 ரூபாய். கடைக்காரர் உருக்குக் கழிவு என்று கொஞ்சம் கழிப்பார். எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். அக்காவின் அப்பத்தா கொடுத்த ஆறில் ஒன்று 1942 காசு. அது போலி இல்லை, ஆனால் பாதி வெள்ளி. இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிட்டும் ஏமாறக் கூடாது, ஒரே விலைக்கு வாங்கியும் ஏமாறக் கூடாது.

சேகரிப்பவர்கள் விலை காசின் அபூர்வத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு 1911 காசு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அதை நிறுத்திவிட்டு 1912-இல் யானையின் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். 1939 ரூபாய் மிக அபூர்வம். அதனாலேயே 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குவதும் நடக்கிறது. வெள்ளி அசல், எடை அசல், வருடம் மட்டும் போலி! இப்படிப்பட்ட காசு கையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். காசைப் புளி, சாம்பல், பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். திராவகச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. கையும் கண்ணும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் பரம்பரையாக வந்த வெள்ளி ரூபாயை வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் மண்ணுக்குள் இருந்து எடுத்தது வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை வரை உண்டு. நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டும்போது ஏதாவது கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லுங்கள்.

இப்போது யோசியுங்கள். "புதையல் காசு, ரகசியமா வாங்கிக்கங்க" என்று ஒருவன் வருகிறான். அவன் சொல்வது உண்மை என்றால் அது அரசுக்குச் சொல்லாமல் மறைத்த பொருள். பொய் என்றால் கள்ளக்காசு. இரண்டில் எதுவானாலும் மாட்டிக்கொள்வது நாம்தான். ரகசியம் என்று சொன்ன உடனே எழுந்து போய்விட வேண்டியதுதான்.

செல்போனிலும் வருகிறார்கள். "உங்க பழைய காசு லட்ச ரூபாய்க்குப் போகும், ரிசர்வ் வங்கிக்கு வரி கட்ட முதலில் 2,000 அனுப்புங்க" என்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது: பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, யாருக்கும் அப்படி வசூலிக்க அனுமதி கொடுக்கவில்லை. பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். நேரில் ஏமாற்றினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நாம் '420' என்று சொல்லிவந்த மோசடிக் குற்றம் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 318-ஆவது பிரிவாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அவன் அடுத்த ஊருக்குப் போவான்.

குழுவில் நாம் செய்ய வேண்டியது

1. காசையோ நகையையோ வைத்துக்கொண்டு உள்கடன் கொடுப்பதாக இருந்தால், யாராக இருந்தாலும் ஒரே விதி. உறுப்பினர், ஊக்குநர், பிரதிநிதி மூவரும் சேர்ந்து போய்ச் சோதிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானம் இல்லை.
2. மாதிரிக்கு ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதை வாங்கக் கூடாது. எத்தனை காசோ அத்தனையும் சோதிக்க வேண்டும்.
3. காசின் தலை, வருடம், எடை மூன்றையும் தீர்மான நோட்டில் வரிசையாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அதே காசா என்று பார்க்கவும் இது உதவும்.
4. கடைவிலையில் பாதிக்குக் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் அன்றே வாங்குவதில்லை. அடுத்த கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் முடிவு.

பிறகு என்ன நடந்தது?

அடுத்த வாரம் குழுத் தலைவி அந்த அக்காவின் வீட்டுக்கே போனார். வயதான ஒரு உறுப்பினரும் கூடப் போனார். "ஏத்தா, ஏமாந்தது ஒன் தப்பில்ல. வாய் தவறிப் பேசினது எங்க தப்பு. கூட்டத்துக்கு வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். கோபத்தில் பேசிய அந்த உறுப்பினர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். காசை வைத்து இல்லை, அவருடைய சேமிப்பையும் ஏழு வருடம் தவணை தவறாமல் கட்டிய நாணயத்தையும் வைத்தே 20,000 ரூபாய் கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. விற்றவனின் போன் எண் வேலை செய்யவில்லை. 10,000 ரூபாய் இன்றுவரை திரும்பவில்லை. அப்பத்தாவின் ஆறு காசும் மறுபடி மஞ்சள் துணி முடிச்சுக்குள் போய்விட்டன. "அது வித்துத் தின்ன இல்ல மேடம், பேத்தி கல்யாணத்துக்கு" என்கிறார்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். காசின் நாணயத்தைத் தராசில் பார்ப்போம். நம் உறுப்பினரின் நாணயத்தை அவர் தவணை கட்டிய நோட்டில் பார்ப்போம்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* பளிச்சென்று எழுத்து தெரியும் ஒரு ரூபாய் 9.8 கிராம் நிற்கிறது. அசலா, போலியா? ஏன்?
* 1943 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாயை முழு வெள்ளி விலைக்கு ஒருவர் விற்க வருகிறார். என்ன சொல்வீர்கள்?
* ஒரு காசு காந்தத்தில் ஒட்டவில்லை. இதை வைத்து மட்டும் வெள்ளி என்று முடிவு செய்யலாமா?
* நம் குழுவில் ஒருவர் ஏமாந்துவிட்டால் முதலில் நாம் அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை என்ன?

வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் இருப்பவர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள். ஸ்கேலும் தராசும் நான் கொண்டு வருகிறேன். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.


உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்,
அல்லிநகரம்.